சவுக்குத் தோப்பில் ஒரு ராத்திரி: விறகு நெருப்பில் சமைத்துச் சாப்பிட முழுமையான வழிகாட்டி

கோடை விடுமுறையில் கடலூர், புதுச்சேரி பக்கத்துத் தோப்புகளுக்கு உறவுக்காரப் பிள்ளைகளையும் நண்பர்களையும் கூட்டிக்கொண்டு போய்த் தங்குவது எங்கள் வீட்டில் வருஷா வருஷம் நடக்கிறது. சனிக்கிழமை மத்தியானம் போனால் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குள் வீடு. அந்த ஒரு ராத்திரிக்குப் புதிதாகச் சமைக்க வருகிறவர்கள் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். நெருப்பு கொழுந்துவிட்டு எரியும்போது மீனைச் சுடப் போடுகிறார்கள். தோல் கரிகிறது, உள்ளே பச்சை. தணல் செக்கச்செவேலென்று நிற்கும்போது சோற்றுக்கு உலை வைக்கிறார்கள். அது கொதிப்பதற்குள் தணல் போய்விடுகிறது.

கொழுந்து வேகவைக்க, தணல் சுட, சாம்பல் புதைக்க. இந்த வரிசை பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும். கீழே உள்ள அளவுகள் 10 பேருக்கு.

1. இடம்

தெரிந்தவர்களுடைய தோப்போ கொல்லையோதான் வேண்டும். தோப்புக்காரரிடம் "தங்கப் போகிறோம்" என்று சொன்னால் போதாது, "அடுப்பு மூட்டப் போகிறோம்" என்று வெளிப்படையாகக் கேளுங்கள். காப்புக்காட்டில் நெருப்பு வைப்பது குற்றம். பிச்சாவரம் பக்கம் அந்த எண்ணமே வேண்டாம்.

கடற்கரை மணலிலும் மூட்டாதீர்கள். ஜனவரி முதல் மே வரை நம் கரையில் பங்குனி ஆமை முட்டையிடுவதும் குஞ்சு பொரிப்பதும் நடக்கும். பொரிந்த குஞ்சு வெளிச்சத்தைப் பார்த்துத்தான் கடலுக்கு வழி கண்டுபிடிக்கிறது. கரையில் நெருப்பு எரிந்தால் அது நெருப்பை நோக்கி நடக்கும்.

சவுக்குத் தோப்பில் இன்னொரு ஆபத்து காலடியிலேயே கிடக்கிறது. மெத்தை மாதிரி விழுந்திருக்கும் சவுக்குச் சருகு கோடையில் ஒரு பொறிக்கே பற்றும். மரங்கள் இல்லாத வெட்டவெளியாகப் பார்த்து, நடுவிலிருந்து எல்லாப் பக்கமும் 6 அடிக்கு, வெறும் மண் தெரிகிறவரை கூட்டித் தள்ளுங்கள். கூட்டிய சருகைப் பக்கத்திலேயே குவிக்காமல் தூரமாகக் கொண்டுபோய்க் கொட்டுங்கள். 2 குடம் தண்ணீர் அடுப்புக்கு அருகே வந்த பிறகுதான் தீப்பெட்டியை வெளியே எடுக்க வேண்டும்.

2. விறகு

அரிசி பருப்புக்கு முன்னால் விறகைப் பாருங்கள். 30 கிலோ காய்ந்த சவுக்கு வேண்டும். மணிக்கட்டுப் பருமனில் பாதி, விரல் பருமனில் பாதி. சவுக்குக் கட்டை சூடாக எரிந்து கெட்டியான தணலாக நிற்கும், அதனால்தான் அதைத் தேடுகிறோம். வேலிக்காத்தான் கட்டையும் நல்ல தணல் தரும், முள்ளை மட்டும் சீவிவிடுங்கள்.

எந்த மரம் என்று தெரியாத கட்டையை எரிக்கவே கூடாது. உப்பங்கழி ஓரம் வளரும் தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, அதன் புகையும் கண்ணைக் கெடுக்கும். அரளிக் குச்சி நேராக, வழவழப்பாக இருக்கிறதே என்று கறி கோக்க எடுத்துவிடாதீர்கள், அது முழுக்க விஷம். பெயின்ட் அடித்த பழைய பலகைகளும் வேண்டாம்.

பற்றவைக்கப் பன்னாடை, காய்ந்த தென்னம்பாளை, பத்துப் பதினைந்து கொட்டாங்குச்சி, ஒரு டப்பா சூடம். மண்ணெண்ணெய், பெட்ரோல் இரண்டையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். தோப்பில் கிடக்கும் விறகுக் குவியலில் நேராகக் கை வைக்காமல் நீளக் கொம்பால் புரட்டிப் பார்த்து எடுங்கள். தேளும் விரியனும் அதற்குள்தான் படுத்திருக்கும்.

3. வாங்கும் வரிசை

மளிகையும் காய்கறியும் வெள்ளிக்கிழமையே. மீனும் ஐஸும் சனிக்கிழமை காலை, கடைசி வேலையாக.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு போகாது, ஃபைபர் படகு மட்டும் கரையோரம் போய் வரும். பெரிய வஞ்சிரத்தை நினைத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போனால் விலையைக் கேட்டுத் திரும்ப வேண்டியதுதான். அதற்காக வருத்தப்படத் தேவையில்லை. சுடுவதற்குச் சின்ன மீன்தான் ருசி. மத்தி கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். அதன் எண்ணெயே அதைப் பொரிக்கும். அடுத்தது கால் கிலோ எடையுள்ள சங்கரா. சுட 2½ கிலோ, குழம்புக்கு 1 கிலோ போதும்.

செவுள் சிவப்பாக, கண் தெளிவாக, அழுத்தினால் சதை மேலெழும்பி வருகிறதா என்று பார்த்து வாங்கி, அங்கேயே சுத்தம் செய்துகொள்ளுங்கள். தெர்மாகோல் பெட்டியில் மீன் எத்தனை கிலோவோ ஐஸும் அத்தனை கிலோ. அடியில் ஐஸ், நடுவில் மீன், மேலே மறுபடி ஐஸ். கானாங்கெளுத்தி, சூரை, வஞ்சிரம் மாதிரி மீன் வெயிலில் கிடந்தால் அதில் ஊறுகிற நச்சு எவ்வளவு வேகவைத்தாலும் போகாது. தொண்டை நமநமவென்று எரிந்து, உடம்பெல்லாம் தடித்துவிடும்.

கோழி எடுத்துப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் பச்சைக் கறி ஐஸுக்கு வெளியே ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. நம் ஊர் மே மாதத்தில் 32 டிகிரி காலையிலேயே வந்துவிடும். முதல் தடவை போகிறவர்கள் கோழியை விட்டுவிட்டு மீனோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

குடிக்கவும் சமைக்கவும் 20 லிட்டர் கேன் 4. ஆளுக்கு 8 லிட்டர் என்ற கணக்கு, கோடையில் அதில் கை வைக்காதீர்கள்.

4. வீட்டிலேயே முடிக்க வேண்டியவை

தோப்பில் இருட்டிய பிறகு பூண்டு உரிப்பது பெரிய தண்டனை. இஞ்சி பூண்டு விழுது, கரைத்து வடிகட்டிய கெட்டிப் புளி, உரித்த சின்ன வெங்காயம், மீன் மசாலா எல்லாம் டப்பா டப்பாவாகத் தயாராக இருக்கட்டும். புளிக்கரைசலும் ஐஸ் பெட்டியிலேயே போகட்டும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் புளிசோறு கட்டிக்கொள்ளுங்கள், வெயில் தாங்கும். போனவுடன் அடுப்பு மூட்டுகிற அவசரமும் இருக்காது.

மசாலா இப்படி: மிளகாய்த்தூள் 5 தேக்கரண்டி, மிளகு 2, மஞ்சள் 1, இஞ்சி பூண்டு விழுது 4, கெட்டிப் புளி 3, நல்லெண்ணெய் 4, உப்பு பார்த்து. எலுமிச்சைச் சாற்றை இதில் சேர்க்காதீர்கள். அந்தப் புளிப்பில் ஊறினால் சதை வெளுத்துப் பிசுபிசுத்து, கம்பியிலிருந்து எடுக்கும்போதே உதிரும். எலுமிச்சை இலையில் பரிமாறும்போதுதான்.

எடுத்துப்போக வேண்டியவை: பிடிபோட்ட கம்பி வலை 2, நீள இடுக்கி, ஊதுகுழல், மண்வெட்டி, அலுமினியக் குண்டான், பழகிய மண்சட்டி, காய்ந்த செங்கல் 6, வாழை இலை ஒரு கட்டு, டார்ச். கூடவே தீக்காயத்துக்கு ஓடுகிற சுத்தத் தண்ணீர் வேண்டும் என்பதற்காக இன்னொரு கேனைத் தொடாமல் ஒதுக்கி வையுங்கள்.

5. குழி

வட்டமாக வெட்டுகிறார்கள். நீளமாக வெட்டுங்கள். 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒரு முழ ஆழம். ஒரு கோடியில் விறகு எரிந்துகொண்டே இருக்கும், மறுகோடிக்குத் தணலை இழுத்துக்கொள்ளலாம். கொழுந்தும் தணலும் ஒரே நேரத்தில் கைவசம் இருப்பது இந்த நீளத்தால்தான்.

இந்தப் பக்கம் மத்தியானத்துக்குப் பிறகு கடற்காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் அடிக்கும். வெட்டிய மண்ணை அந்தப் பக்கமே அணையாகப் போடுங்கள். தடுப்பு இல்லாவிட்டால் சூடெல்லாம் பக்கவாட்டில் ஓடிவிடும், பானையின் ஒரு பக்கம் மட்டும் கொதிக்கும். கூடாரமும் பாயும் காற்று வருகிற பக்கமே இருக்கட்டும், பொறி அந்தப் பக்கம் பறக்காது.

பாத்திரம் வைக்கச் செங்கல்தான். ஆற்றில் பொறுக்கிய கல் அழகாக இருக்கும், ஆனால் அதற்குள் ஈரம் இருந்தால் சூட்டில் வெடித்துச் சிதறும்.

6. மூட்டுவது: மாலை 5.30

அடியில் பன்னாடை, அதற்குள் நாலு சூடம், மேலே சுள்ளி கூம்பாக. பற்றிய பிறகு விரல் பருமன் விறகு, அது பிடித்த பிறகு பெரிய கட்டை. ஆரம்பத்திலேயே கட்டையை அடுக்கினால் காற்று நுழைய வழியில்லாமல் புகை மட்டும் வரும். சூட வாசனை முழுதாகப் போன பிறகே பாத்திரம் ஏற வேண்டும்.

ஊதுகுழலால் ஊதும்போது நெருப்பின் தலையில் ஊதாதீர்கள், அடியில் ஊதுங்கள். மூச்சை இழுக்கும்போது குழலை வாயிலிருந்து எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் புகை உள்ளே போகும்.

7. கொழுந்தில்: சோறும் குழம்பும்

அடுப்பில் ஏற்றும் முன் குண்டானின் வெளிப்புறம் சாம்பலைக் குழைத்துப் பூசுங்கள். கரி சாம்பலோடு கழுவிப் போய்விடும். இதைச் செய்யாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரை பாத்திரம் தேய்ப்பதைப் பார்த்திருக்கிறேன்.

புழுங்கலரிசி 1¾ கிலோ, அரை மணி நேரம் ஊறவைத்தது. இதில் 1¼ கிலோ ராத்திரிக்கு, மீதி அரை கிலோ விடிந்தபின் பழையதுக்கு. குறைத்துப் போட்டுவிடாதீர்கள், காலைச் சாப்பாடே அதுதான். சோறு வடிப்பதற்கு இரண்டு பேர் வேண்டும், இருட்டுவதற்குள் வடித்துவிட வேண்டும்.

அடுத்து மீன் குழம்பு. புளி சேர்வதால் மண்சட்டி. குளிர்ந்த சட்டியைக் கொழுந்தின் மேல் நேராக வைத்தால் விரிசல் விடும். ஓரத்தில் வைத்துச் சூடேற்றி, பிறகு நகர்த்துங்கள். வெந்தயம், சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி வதக்கி, புளியும் மிளகாய்த்தூளும் போட்டு நன்றாகக் கொதித்து எண்ணெய் மேலே மிதக்கும்போது மீனைப் போடுங்கள். அதன் பிறகு கரண்டி வேண்டாம், சட்டியைத் துணியால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். எட்டு நிமிடம்.

8. தணலில்: மீன்

இந்தப் பொறுமைதான் பலருக்கு வருவதில்லை. ஏழேகால் மணிக்குக் கட்டைகள் கொழுந்து அடங்கி, சிவப்பின் மேல் மெல்லிய சாம்பல் வெள்ளையாகப் படியும். அந்த வெள்ளை வந்தால்தான் தணல். இடுக்கியால் மறுகோடிக்கு இழுத்து, நாலு விரல் கனத்துக்குப் பரப்புங்கள். கம்பி வலை வருகிற உயரத்தில் உள்ளங்கையைக் காட்டி ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணுங்கள். நான்குக்குள் கையை எடுக்க வேண்டியிருந்தால் பதம். இரண்டிலேயே சுட்டால் இன்னும் பொறுங்கள்.

மீனில் மூன்று இடத்தில் குறுக்கே கீறி மசாலாவைத் தேய்த்து, அதை அரை மணி நேரம் ஐஸ் பெட்டியிலேயே ஊறவிடுங்கள். சுடப் போகும்போது வெளியே எடுத்து, சொட்டுகிற ஈரத்தை வழித்துவிடுங்கள். ஈர மீன் சுடுபடாமல் அவிந்துபோகும், கம்பியிலும் ஒட்டும்.

வெறும் வலையை முதலில் தணல் மேல் வைத்துச் சூடேற்றுங்கள். பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டு வலை முழுக்கத் தேயுங்கள். சுர்ரென்று சத்தம் வந்த பிறகுதான் மீன். வைத்ததும் கை துறுதுறுக்கும், திருப்பாதீர்கள். முதலில் வயிற்றுப் பக்கம் வெளுக்கும். பிறகு கீறல் வாய் திறந்து உள்சதை வெள்ளையாகத் தெரியும். எண்ணெய்ச் சொட்டு தணலில் விழுந்து குபீரென்று ஒரு புகை எழும், அந்தப் புகைதான் மீனுக்கு மணம். வால் ஓரத்துத் தோல் தானாகக் கம்பியை விட்டு மேலெழும்பும். அது எழும்பினால் மீன் திருப்பச் சொல்கிறது என்று அர்த்தம். மத்திக்குப் பக்கத்துக்கு 4 நிமிடம், கால் கிலோ சங்கராவுக்கு 7 அல்லது 8. முதுகு முள் ஓரத்தில் சதை முள்ளை விட்டுச் சுலபமாகப் பிரிந்தால் வெந்துவிட்டது.

கம்பியில் உடைகிற மாதிரி மெல்லிசான மீனென்றால் வாழை இலை. இலையை முதலில் நெருப்பில் வாட்டுங்கள், வாட்டாத இலை மடிக்கும்போது கிழியும். இரண்டு சுற்றுச் சுற்றி வாழைநாரால் கட்டி, தணல் ஓரத்தில் பக்கத்துக்கு 7 நிமிடம். வெளி இலை கருகத்தான் செய்யும், பயப்படாதீர்கள்.

ஒரே தடவையில் எல்லா மீனையும் வலையில் நெருக்காமல், நாலைந்தாகச் சுட்டுச் சுடச்சுட இலையில் போடுங்கள். சுடுகிறவர் கடைசியில் சாப்பிட்டால் போதும் என்று விட்டுவிடாமல், பாதியில் ஆள் மாறிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அது எழுதாத சட்டம்.

9. சாம்பலில்: கிழங்கு, பலாக்கொட்டை, தேங்காய்

பிள்ளைகள் காத்திருக்கும் கட்டம் இது. புதிய விறகு போடுவதை நிறுத்திவிடுங்கள்.

சக்கரவள்ளிக் கிழங்கு கட்டைவிரலை விடக் கொஞ்சம் பருமனாக இருந்தால் போதும். தணலை விலக்கி, அடிச் சாம்பலில் கிழங்கை வைத்து, மேலே சாம்பல், அதன் மேல் தணல். 40 நிமிடம். பழுத்த தணலில் நேராகப் போட்டால் வெளியே கரிக்கட்டை, உள்ளே கடினம். குச்சியால் குத்தினால் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்க வேண்டும்.

பண்ருட்டிப் பலா வீட்டுக்கு வந்திருந்தால் கொட்டையை எறியாமல் ஒரு நாள் நிழலில் உலர்த்திக் கொண்டுவாருங்கள். ஒவ்வொன்றிலும் கத்தியால் ஒரு கீறல் போடுவது கட்டாயம். கீறாத கொட்டை படாரென்று வெடித்துத் தணலைத் தெறிக்கவிடும். சுடுசாம்பலில் 15 முதல் 20 நிமிடம். உரித்து, உப்பும் மிளகுத்தூளும் தொட்டுச் சாப்பிட வேண்டும்.

சுட்ட தேங்காய் எங்கள் பக்கத்து வழக்கம் இல்லை. சேலம், ஈரோடு பக்கம் ஆடி முதல் நாளில் சுடுவார்கள், எங்கள் வீட்டுக்குச் சேலத்திலிருந்து வந்த மருமகள் கற்றுத்தந்தது. இனிப்புக்கு இதை மிஞ்ச ஒன்றும் இல்லை. நாரை முழுதாக எடுத்து, ஓட்டை வழவழப்பாகத் தேய்த்த தேங்காய். ஒரு கண்ணைத் துளைத்துப் பாதித் தண்ணீரை வடியுங்கள். பொடித்த வெல்லம், அவல், வறுத்த பாசிப்பருப்பு, பொட்டுக்கடலை, எள் கலந்து துளை வழியாகத் திணித்து முக்கால் வரை நிரப்புங்கள். வடித்த தண்ணீரில் கொஞ்சம் திரும்ப ஊற்றி, நீளமான குச்சியைக் கூராகச் சீவித் துளையில் இறுகச் செருகுங்கள். குச்சி நமக்குத் தெரிந்த மரமாக இருக்கட்டும், வேப்பங்குச்சி ஆகும்.

தணலுக்கு மேல் காட்டிச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். 20 நிமிடத்துக்கு மேல் ஆகும், ஓடு கருத்து, விரிசல் விட்டு, வெல்லப்பாகு ஓரத்தில் கசியும். முழுதாக நிரப்பினால் ஆவி போக இடமில்லாமல் வெடிக்கும், முக்கால் என்று சொன்னது அதற்காகத்தான். உடைப்பதற்கு முன் பத்து நிமிடம் ஆறட்டும். உள்ளே இருக்கும் பாகு கொதித்த எண்ணெய்க்குச் சமம்.

10. முந்திரிக்கொட்டைக்குத் தனி நெருப்பு

முந்திரிக் கொல்லையில் தங்குகிறவர்கள் கீழே கிடக்கும் கொட்டையைப் பொறுக்கிச் சமையல் அடுப்பிலேயே போட்டுவிடுகிறார்கள். கூடவே கூடாது. ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் தோலைப் புண்ணாக்கும். அதன் புகை கண்ணையும் மூச்சையும் எரிக்கும். மீனில் அந்தப் புகை பட்டால் மீன் அவ்வளவுதான்.

பத்தடி தள்ளி, இதேபோல் தரையைக் கூட்டிவிட்டு, காற்று போகிற பக்கமாகச் சின்னதாக ஒரு நெருப்பு. அடியில் ஆணியால் துளைத்த பழைய தகரத்தில் கொட்டையைப் போட்டு, நீளக் கொம்பால் கிளறுங்கள். எண்ணெய் கசிந்து தானே தீப்பிடித்துச் சீறும், முகத்தைக் காட்டாதீர்கள். ஓடு கருத்ததும் மணலில் கவிழ்த்து மூடினால் தீ அணையும், எண்ணெயையும் மணல் குடித்துவிடும். ஆறிய பிறகு கையில் சாம்பல் பூசிக்கொண்டு கல்லால் தட்டி உடைக்க வேண்டும். பிள்ளைகள் பல்லால் கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், உதடு கொப்பளித்துவிடும். பெரியவர்களில் இரண்டு பேர் இதற்கென்று நிற்க முடிந்தால் மட்டும் செய்யுங்கள். முடியாவிட்டால் விட்டுவிடலாம்.

11. அணைப்பது

மண்ணைப் போட்டு மூடுவது அணைப்பது ஆகாது. ஒரு வருஷம் நான் அப்படித்தான் மூடிவிட்டுப் படுத்தேன். காலையில் அக்கா மகன் வெறுங்காலோடு ஓடிவந்து அந்த இடத்தில் கால் வைத்தான். மேலே மணல் சாதாரணமாகத்தான் தெரிந்தது. அடியில் தணல் அப்படியே இருந்தது. ஒரு மாதம் அவனால் செருப்புப் போட முடியவில்லை. அந்தக் குற்ற உணர்ச்சி எனக்கு இன்னும் போகவில்லை.

தண்ணீர் ஊற்றுங்கள், கொம்பால் கிளறுங்கள், மறுபடி ஊற்றுங்கள். புகையும் சீறலும் நின்ற பிறகு புறங்கையை மேலே காட்டிப் பாருங்கள். சூடு தெரியாவிட்டால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இருந்தால் இன்னொரு குடம். நான்கு மூலையிலும் செங்கலை நட்டு வைத்துவிட்டுப் படுங்கள். பாதி ராத்திரிக்கு மேல் கடற்காற்று ஓய்ந்து நிலத்துப் பக்கமிருந்து காற்று மாறும், அப்போது ஒரு பொறி மிச்சம் இருந்தாலும் புதுத் திசையில் போகும். நன்றாக அணைக்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

12. காலையில் பழையது

படுப்பதற்கு முன் மீதிச் சோறு முழுதாக ஆறியிருக்கிறதா என்று பார்த்து, முங்குகிற அளவு குடிதண்ணீர் ஊற்றி மூடி, எறும்பு ஏறாமல் தண்ணீர்த் தட்டில் வையுங்கள். சூட்டோடு ஊற்றினால் கொழகொழத்துவிடும். மீன் குழம்பைப் படுக்கும் முன் ஒரு கொதி விட்டு, ஆறியதும் டப்பாவில் ஊற்றி ஐஸ் பெட்டிக்குள் வையுங்கள். கோடை ராத்திரியை வெளியே இருந்தால் அது தாங்காது.

காலையில் ஆறு மணிக்கு ஒரு கைப்பிடிச் சுள்ளி போதும். குழம்பைத் தளதளவென்று கொதிக்கவிட்டு இறக்கி, அந்தக் கொஞ்சத் தணலில் நெத்திலிக் கருவாட்டைக் கம்பி வலையில் இரண்டு நிமிடம் வாட்டுங்கள். பழையதைக் கையால் பிசைந்து, கொஞ்சம் மோர், கல்லுப்பு, தட்டிய சின்ன வெங்காயம், பச்சைமிளகாய். வெயில் ஏறுவதற்குள் நுங்கு விற்கிறவர் சாலையோரம் வந்திருப்பார், ஓர் ஆளை அனுப்பி ஆளுக்கு மூன்று கண் வருகிற மாதிரி வாங்கிவரச் சொல்லுங்கள். அவர் திரும்பி வருவதற்குள் இந்தச் சின்ன நெருப்பையும் தண்ணீர் ஊற்றிக் கிளறி அணைத்து, குழியை மூடி, தெர்மாகோல் துண்டு ஒன்றுகூட மிச்சமில்லாமல் பொறுக்கிவிடலாம்.